மூன்றாம் பத்தியில் ஒரு மாணவி

செய்திக் குறிப்பு என்று ஒரு சரக்கு உண்டு. ஒரு கம்பெனி தன்னைத் தானே ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்து எழுதி, தலையில் ‘உடனடி வெளியீட்டுக்கு’ என்று போட்டு, எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்பி வைக்கும். நாளைக்கு வெளியிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாளிதழின் செய்தி அறையில் பத்தொன்பது வருடம் உதவி ஆசிரியராக உட்கார்ந்து இந்தக் குப்பையைத் தள்ளியவள் நான். தினம் அறுபது வரும். ஐம்பத்தெட்டைப் படிக்காமலே கடாசுவேன். மீதி இரண்டைப் படித்துவிட்டுக் கடாசுவேன். அந்தத் திமிருக்குத்தானோ என்னவோ, இப்போது அதையே எழுதிப் பிழைக்கிறேன்.

பத்திரிகை இளைத்தபோது என்னோடு பதினோரு பேரை ஒரே மதியத்தில் கைகுலுக்கி வெளியே அனுப்பினார்கள். எட்டு மாதம் வீட்டுச் சுவரை முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பயிற்சி நிறுவனத்தில் ‘உள்ளடக்க ஆலோசகர்’ ஆனேன். நிறுவனம் என்றால் செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஐந்து நாற்காலிகள், அதில் ஒன்று உட்கார்ந்தால் தானாகக் கீழே இறங்கும். ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்குக் கீழே ஒரு பெயிண்ட் வாளி. சுவரில் பச்சைத் துணி. அந்தத் துணிக்கு முன்னால் நின்றுதான் எங்கள் இயக்குநர் பாடம் எடுப்பார். கேமராவில் பார்த்தால் அவருக்குப் பின்னால் அடுக்குமாடிக் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். நேரில் பார்த்தால் வாளி தெரியும்.

இயக்குநரை நான் மனசுக்குள் ‘விஷன்’ என்றுதான் கூப்பிடுவேன். நிமிஷத்துக்கு ஒரு முறை அந்த வார்த்தை அவர் வாயில் வரும். மின்சாரம் போனாலும் அதில் அவருக்கு ஒரு விஷன் இருக்கும். ஒரு காலத்தில் செல்போன் கடைத் திறப்பு விழா ஒன்றுக்கு மைக் பிடித்தவர். அந்த ஒரு விழாவை வைத்துக்கொண்டு, ‘பதினைந்து ஆண்டுகள் மக்கள் தொடர்புத் துறையில்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துவிட்டார். இப்போது அந்த அனுபவத்தை உலகத்துக்கு வழங்க முடிவு செய்திருந்தார். ஆன்லைன் மக்கள் தொடர்புப் பட்டயப் படிப்பு. பன்னிரண்டு வாரம். வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். முதல் பத்துப் பேருக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு ஒரு செய்திக் குறிப்பு எழுத வேண்டும் என்றார்.

முதல் பிரதியை அரை மணி நேரத்தில் எழுதினேன். நாலு வாக்கியம். என்ன படிப்பு, எப்போது தொடக்கம், யார் சேரலாம், எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். விஷன் அதைப் படித்துவிட்டு, நோயாளியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

“மேடம், இதுல தகவல் மட்டும்தான் இருக்கு” என்றார்.

இரண்டாவது பிரதியில் ‘முன்னோடி’ சேர்ந்தது. மூன்றாவதில் ‘புரட்சிகரமான’. நாலாவதில் ‘உலகத் தரம் வாய்ந்த’ என்று போடச் சொன்னார். எந்த உலகம் என்று கேட்டேன். அவருக்குக் கிண்டல் புரியாது, அதுதான் அவருடைய பெரிய பலம். நம்ம உலகம்தான் மேடம் என்று பொறுமையாக விளக்கினார். ஐந்தாவது பிரதியில் அவர் சொன்னதாக ஒரு மேற்கோள் வைத்தேன். ‘தகவல் யுகத்தில் நம்பிக்கையே நாணயம், அதைக் கட்டியெழுப்பும் கலையை எளிய மனிதரின் கைக்குக் கொண்டுசெல்வதே எங்கள் கனவு.’ விஷன் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “நல்லா சொல்லியிருக்கேன், இல்ல?” என்று என்னையே கேட்டார்.

இந்தத் தொழிலின் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். செய்திக் குறிப்பில் ‘என்றார் தலைவர்’, ‘என்று நெகிழ்ந்தார் மேலாளர்’ என்றெல்லாம் வருகிறதே, அதில் ஒரு வார்த்தையைக் கூட அந்தத் தலைவரோ மேலாளரோ சொல்லியிருக்க மாட்டார். எழுதுகிறவர் முதலில் மேற்கோளை எழுதுவார். பிறகு அது யார் வாய்க்குப் பொருந்துமோ அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவார். தன்னை இவ்வளவு புத்திசாலியாகக் காட்டியிருக்கிறதே என்று அவரும் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டிவிடுவார். முதலில் பேச்சு, பிறகு ஆள். ஆனால் ஆள் என்று ஒருவர் கடைசியிலாவது இருப்பார். அந்த மட்டுக்கும் கௌரவம் இருந்த தொழில்தான்.

ஆறாவது பிரதியைப் படித்துவிட்டு, மூன்றாம் பத்தி காலியாக இருக்கிறது என்றார் விஷன். அங்கே ஒரு மாணவி வேண்டுமாம். இந்தப் படிப்பால் வாழ்க்கை மாறிய ஒரு சாதாரணப் பெண். படிப்பே இன்னும் தொடங்கவில்லையே, யாருடைய வாழ்க்கை மாறியது என்று கேட்டேன். போன வருஷம் ஒரு சோதனை வகுப்பு நடந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றார். நடந்ததா என்றேன். வைத்துக்கொள்ளலாம் என்றார் மறுபடியும்.

“முதல்ல நீங்க எழுதிடுங்க மேடம். ஆள் பின்னாடி கிடைப்பாங்க.”

அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. எட்டு மாதம் வேலையில்லாமல் கிடந்த வயிறு நியாயம் பேசாது என்று சப்பைக்கட்டு கட்டலாம். அதுவும் முழு உண்மை இல்லை. எனக்கு அலட்சியம். இதையெல்லாம் எந்த மடையன் படிக்கப்போகிறான் என்ற அலட்சியம். பத்தொன்பது வருடம் நானே படிக்காமல் கடாசியவள்தானே.

கணினி முன்னால் உட்கார்ந்து, வாழ்க்கை மாறிய பெண்ணைத் தேடினேன். ‘தன்னம்பிக்கை பெற்றேன்’ என்று எழுதி அழித்தேன். ‘சிறகுகள் முளைத்தன’ என்று எழுதிவிட்டு எனக்கே அருவருப்பாகி அழித்தேன். பொய்தான் எழுதப்போகிறோம், அதையாவது ஒழுங்காக எழுதுவோம் என்ற தொழில் வீம்பு வந்துவிட்டது. அப்போதுதான் என் தங்கை ஞாபகத்துக்கு வந்தாள்.

தங்கை எங்கள் கட்டடத்திலேயே, எனக்குக் கீழ் மாடியில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தங்கை ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததை என்னிடம் கொட்டுவாள். டாக்டர் இதுவரை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘கவுன்ட்டர், அடுத்த ஆள்’ என்பாராம். வலியில் கத்துகிறவர்கள், ஊசிக்குப் பயந்து வாசலோடு திரும்பப் பார்க்கிறவர்கள், இரண்டு மணி நேரம் காத்திருந்து சண்டைக்கு வருகிறவர்கள், எல்லாரையும் பேசிப் பேசி உட்கார வைப்பது அவள்தான். அதெல்லாம் ஒரு வேலையா அக்கா, டோக்கன் குடுக்கறதுதான் வேலை என்பாள். நான் கிளிப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டே உம் கொட்டுவேன்.

அதை அப்படியே எடுத்தேன். பல் ஆஸ்பத்திரியைத் தனியார் அலுவலகம் ஆக்கினேன், டாக்டரை மேலாளர் ஆக்கினேன். ஒரு பெயரும் வைத்தேன். அந்தப் பெயரில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது என்பதுதான் அதன் ஒரே தகுதி.

‘பதினொரு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மேலாளர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, ரிசப்ஷன் என்பார். கோபத்தோடு வந்தவரைத் தணித்தேன். பயத்தோடு வந்தவருக்குத் தைரியம் சொன்னேன். காத்திருந்து அலுத்தவரைச் சிரிக்க வைத்தேன். இதெல்லாம் வேலையில் சேர்த்தி இல்லை என்றே நினைத்திருந்தேன். இதற்கு மக்கள் தொடர்பு என்று ஒரு பெயர் உண்டு, இது ஒரு படிப்பு, ஒரு உத்தியோகம் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.’

அதற்குக் கீழே, இவர் இப்போது ஒரு முன்னணி நிறுவனத்தில் மக்கள் தொடர்பு மேலாளர் என்று ஒரு வரி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பத்தி எனக்குப் பிடித்திருந்தது. நான் கடாசிய ஆயிரக்கணக்கான குறிப்புகளில் இப்படி ஒரு பத்தி ஒன்றில்கூட இருந்ததில்லை. விஷன் படித்துவிட்டு ஒன்றும் திருத்தவில்லை. அனுப்பிவிட்டோம்.

வியாழக்கிழமை அது பத்திரிகையில் வந்தது. நான் வேலை பார்த்த அதே பத்திரிகை. ஏழாம் பக்கத்தில், வலது மூலையில், ஒரு வார்த்தை வெட்டாமல், ‘நமது நிருபர்’ என்ற பெயரில். அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர் என் பழைய பக்கத்து நாற்காலிக்காரர். அவருக்குக் கத்திரி என்று பெயர் வைத்ததே நான்தான். இரங்கல் செய்தியில்கூட நாலு வரி வெட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. போன் போட்டு, என்னய்யா இப்படி முழுசாக விட்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

“உன் பேரு கீழ இருந்துச்சு. நீ அனுப்பினதுன்னா பாக்க வேண்டியதில்லன்னு விட்டுட்டேன்” என்றார் கத்திரி. அந்தப் பொண்ணு பேசினது பிரமாதம், எங்க புடிச்ச என்று வேறு கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

அன்று சாயங்காலம் தங்கை படியேறி வந்தாள். கையில் பத்திரிகை. ஆஸ்பத்திரியில் வந்த பத்திரிகையை, அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துப் பையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். இது உங்க ஆபீஸ்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உட்கார்ந்து மூன்றாம் பத்தியை எனக்கு வாசித்துக் காட்டினாள். நடுவில் குரல் கம்மி, நிறுத்தி, எச்சில் விழுங்கிவிட்டு மறுபடி வாசித்தாள்.

“யாரோ என் மனசுக்குள்ள பூந்து பாத்து சொன்ன மாதிரி இருக்குக்கா” என்றாள். “என்ன மாதிரியே ஒருத்தி.”

தன் கதைதான் அது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மொட்டை மாடியில் சொன்னதையெல்லாம் அக்கா காதில் வாங்கியிருப்பாள் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். அவளுடைய ஞாயிற்றுக்கிழமைப் புலம்பல் அச்சில், நல்ல தமிழில், கட்டம் கட்டி வந்திருந்தது. அதைப் போய் யார் தன்னுடையது என்று நினைப்பார்கள்.

பிறகு அவள் கேட்டாள், “இந்த அம்மாவ நீ நேர்ல பாத்திருக்கியா?”

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். இல்லடி கழுதை, நான்தான் எழுதினேன் என்று சொல்லிச் சிரித்திருந்தால் அவளும் ரெண்டு திட்டு திட்டிவிட்டுக் கீழே போயிருப்பாள். ஆனால் என் எழுத்தைப் படித்து ஒருத்தர் குரல் கம்மியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. அந்தப் போதையில் இருந்தேன்.

“பாத்திருக்கேன்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நல்ல மாதிரி. உன்ன மாதிரிதான், அமைதியா பேசுவாங்க.”

தங்கை பத்திரிகையை மறுபடி மடித்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கேவலம், உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் போனிலேயே விண்ணப்பித்துவிட்டாள். முதல் பத்துப் பேரில் ஒருத்தி. அன்றைக்கே சிக்கல் தொடங்கியது. வகுப்பு நேரலை, புதன்கிழமையிலிருந்து வாரத்தில் ஐந்து நாள், காலை பத்து மணிக்கு. வேலைக்குப் போகிற பெண்களுக்கான படிப்பை வேலை நேரத்தில் வைத்த மேதாவி எங்கள் விஷன். அந்த நேரத்தில்தான் ஜன்னல் வெளிச்சம் பச்சைத் துணியில் சரியாக விழுமாம். தங்கை டாக்டரிடம் காலையில் இரண்டு மணி நேரம் விடுப்புக் கேட்டாள். கவுன்ட்டரை யார் பார்ப்பார்கள் என்றார் டாக்டர். சாயங்காலம் கூடுதலாக இருக்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள். அதெல்லாம் சரிப்படாது என்றுவிட்டார்.

சனிக்கிழமை மதியம் அவள் வீட்டில் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அந்தம்மா இப்ப எந்தக் கம்பெனியில இருக்காங்க, பேர் போடலையே என்று கேட்டார். லிஃப்டில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துப் பழகியவர், சரியான இடத்தில் கை வைத்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கைதான் பதில் சொன்னாள். அக்காவே அவங்கள நேர்ல பாத்திருக்கா, அதுக்கு மேல என்ன வேணும் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். ஆனால் உண்மையைச் சொன்னேனா என்றால் இல்லை. அதற்குப் பதில் ஆபீசுக்கு ஓடினேன். விஷன் பச்சைத் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என் தங்கை சேர்ந்திருக்கிறாள், பதினொரு வருட வேலையை விடப்போகிறாள், இதைப் படித்தால் வேலை கிடைக்குமா, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள் என்றேன்.

“வேலைன்னு நாம எங்கயும் சொல்லலையே மேடம். ‘வாய்ப்புகளின் வாசலைத் திறக்கிறது’ன்னுதான் இருக்கு. நீங்கதான எழுதினீங்க?” என்றார்.

உண்மைதான். நான்தான் எழுதினேன். தப்பித்துக்கொள்ள வழி வைத்து எழுதுவதில் எனக்கு நிகர் யாரும் இல்லை. அப்படியானால் அவளை இந்தப் படிப்பில் சேர்க்காதீர்கள் என்றேன். அந்த மூன்றாம் பத்தி அவளுடைய கதை, அவளைப் பார்த்துத்தான் எழுதினேன், அதைப் படித்துவிட்டு அவளே ஏமாந்து நிற்கிறாள் என்று எல்லாவற்றையும் உளறினேன். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல வாய் வராமல், சொல்லக் கூடாத ஆளிடம் கொட்டினேன்.

விஷன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அவர் கண் இரண்டும் பளபளத்தன. ஏதோ கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். ரொம்ப நல்லதாப் போச்சு மேடம், ஆள் கிடைச்சாச்சு என்றார். இவர் மனுஷனா என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவும் இல்லை. புதன்கிழமை மாணவர் பக்கத்திலிருந்து சத்தமும் படமும் தெளிவாக வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், தங்கை வீட்டிலேயே உட்கார்ந்து பாருங்கள் என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் அவள் முந்திக்கொண்டு ஏதோ கேட்டாள். மக்கள் தொடர்பு மேலாளர்கள் புடவை கட்டுவார்களா, சுடிதார் போடுவார்களா என்று கேட்டாள். அந்த அம்மா என்ன உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டாள். நீல நிறப் புடவை என்றேன். என் வாய்க்கு அன்றைக்கே யாராவது பூட்டுப் போட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை கடிதம் கொடுத்தாள். ஒரு மாத நோட்டீஸ் இருக்குமே, அதற்குள் எப்படியாவது சொல்லி, கடிதத்தைத் திரும்ப வாங்க வைத்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். டாக்டர் கடிதத்தை வாங்கி, சரி, நாளையிலிருந்தே வர வேண்டாம் என்றாராம். டாக்டருடைய மனைவியின் தங்கைக்கு வேலை தேடிக்கொண்டிருந்தார்களாம். செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பதினொரு வருடம் உட்கார்ந்த இடம் ஒரே ராத்திரியில் போய்விட்டது. அந்த அவமானத்தையும் தங்கை சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குத்தான் போவதற்கு ஒரு வாசல் இருந்ததே.

புதன்கிழமை பத்து மணிக்கு, சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, தன் போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து, புது நோட்டைப் பிரித்து உட்கார்ந்தாள். தலை வாரி, நீலப் புடவை கட்டியிருந்தாள். நான் பக்கத்து நாற்காலியில், படத்தில் தெரியாமல் தள்ளி உட்கார்ந்தேன். திரையில் ஒன்பது சிறு கட்டங்களில் ஒன்பது முகங்கள். நடுவில் பெரிதாக விஷன், அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள். அவர் கையை ஆட்டும்போதெல்லாம் விரல் நுனி கட்டடத்துக்குள் கரைந்து போனது.

முதல் பாடம், செய்திக் குறிப்பு எழுதுவது எப்படி. தங்கை தலைப்பை எழுதி அடிக்கோடு போட்டாள். விஷன் ஒரு மாதிரியைத் திரையில் காட்டினார். எங்கள் குறிப்பேதான். வேறு எதைக் காட்டுவார், அவர் வாழ்நாளில் வெளியிட்ட ஒரே குறிப்பு அதுதானே. தலைப்பு, முதல் பத்தி, தன் மேற்கோள் என்று ஒவ்வொன்றாகப் புகழ்ந்துகொண்டு வந்து, மூன்றாம் பத்தியில் அம்புக்குறியை நிறுத்தினார். போனைப் பிடுங்கி அணைக்க வேண்டும் என்று தோன்றியது. பிடுங்கவில்லை.

“இதுதான் தொழில் ரகசியம்” என்றார் விஷன். “இதைப் படிச்சா ஒரு உண்மையான பொண்ணு பேசற மாதிரி இருக்கில்ல? இப்படி ஒரு பொண்ணே கிடையாது. முதல்ல மேற்கோள எழுதினோம். அதுக்கப்புறம் ஆள் தானா வந்தாங்க. இதோ, இன்னிக்கு நம்ம கூடவே உக்காந்திருக்காங்க. எழுதின மேடத்தோட தங்கச்சி. எல்லாரும் அவங்களுக்கு ஒரு கைதட்டல் குடுங்க.”

ஒன்பது கட்டங்களில் எட்டு கைதட்டின. சத்தம் தெளிவாகத்தான் வந்தது.

தங்கை பேனாவை மூடினாள். கேமராவைப் பார்த்து, பழக்கதோஷத்தில், ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தாள். ஆஸ்பத்திரியில் யார் கத்தினாலும் சிரிக்கிற சிரிப்பு அது. பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். விஷன் மேஜைக்குள் பேசிக்கொண்டே இருந்தார். அவள் பக்கவாட்டுப் பொத்தானைத் தடவி அதையும் நிறுத்தினாள்.

என்னைப் பார்த்து, அந்த அம்மா இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். மேலாளர் வேலை, கம்பெனி என்று கேட்டாள். எல்லாம் நான்தான் என்றேன். நீலப் புடவை என்றாள். அதுவும் என்றேன். அப்புறம் எனக்குத் தெரிந்த வேலையைத் தொடங்கினேன். தொழிலின் வழக்கம் இது, எல்லா நிறுவனமும் இப்படித்தான் செய்கிறது, பத்திரிகையில் வருகிறதையெல்லாம் யாரும் அப்படியே நம்பிவிடுவதில்லை, நீ இவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை என்று சொன்னேன். எந்தக் கம்பெனி என்ன தப்பு செய்தாலும் அரை மணி நேரத்தில் விளக்க அறிக்கை எழுதிக் கொடுக்கிறவள் நான். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததும் அந்த மாதிரி ஒரு அறிக்கைதான்.

தங்கை குறுக்கிடவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பேப்பர்ல போட்டத நம்பி யாராவது வேலைய விடுவாங்களா அக்கா? பேப்பர்ல ஆயிரம் போடுவான். எனக்கு அது கூடவா தெரியாது” என்றாள். “நீ பாத்திருக்கேன்னு சொன்னே. அதுக்குத்தான் விட்டேன்.”

அழுகை வந்தது. அழுது அதற்கும் அவளையே சமாதானம் சொல்ல வைக்க வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். நீலப் புடவையை மாற்றிக்கொண்டு, சான்றிதழ்கள் வைத்திருக்கிற உறையை எடுத்துக்கொண்டு வந்தாள். நோட்டில் முதல் தாளைக் கிழித்துவிட்டு மீதி நோட்டைப் பையில் போட்டாள். அடுத்த தெருவில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்று இருக்கிறது, அங்கே கவுன்ட்டருக்கு ஆள் வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்ததை முந்தாநாள் பார்த்தாளாம். இந்நேரம் யாராவது சேர்ந்திருப்பார்கள், இருந்தாலும் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள். மறுபடியும் முதலிலிருந்து, அதே டோக்கன், அதே நாற்காலி. அதுவும் கிடைத்தால்தான்.

நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன். உன்னைப் பற்றி அவர்களிடம் நான் நாலு வார்த்தை நல்லபடியாகச் சொல்கிறேன் என்றேன்.

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“நீ சொன்னா யாரு நம்புவாங்கக்கா?”